நாற்பத்தெட்டாம் வாரம்

விடியலில் வண்டியை எடுத்தால் எரிகிறது.
மஞ்சளாய் ஒரு லாடம், அதன் நடுவில் ஆச்சரியக்குறி.
யாருக்கு என்ன ஆச்சரியமோ.
தக்கலை வந்து, வங்கி வாசலில் வெயில் ஏறி,
மதியம் சாவியைத் திருகினால் இருக்காது.
"குளிருக்குக் காத்து சுருங்கும்,
முப்பத்திமூணு வச்சுப் பாரு"
என்றார் ஜஸ்டஸ், தோஹாவிலிருந்து.
வைத்தேன்.
மூன்று நாள் அடங்கிக் கிடந்தது.
பேச்சிப்பாறைப் பக்கமிருந்து ஆனிமழை இறங்கிய மறுநாள்
லாடம் திரும்ப வந்தது.

பழகிக்கொண்டேன்.
தவணை தவறியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவது என் வேலை;
மூன்றாவதற்குப் பிறகு யாரும் பிரிப்பதில்லை என்று
எனக்குத் தெரியாதா?
பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது மட்டும்
கண் தானாக அங்கே போகும்.

அழகியமண்டபத்தில் ரெஜின் கடை.
சட்டைப்பையிலிருந்து ஒற்றை ரூபாயை எடுத்து
டயரின் இடுக்கில் செருகினான்.
"பட்டன் நல்லா கெடக்கு எக்கா. வண்டி ஓடல்லியே."
ஓடவில்லைதான்.
அவர் போனபின் நாலு வருஷம்
தார்ப்பாய்க்குள் நின்றது.
நான் ஓட்டப் படித்தது போன வருஷம்.
"ஆனா இதப் பாருங்க" என்று
கட்டைவிரலால் பக்கவாட்டை அழுத்தினான்.
மயிரிழை வெடிப்புகள், குறுக்கும் நெடுக்குமாய்,
வற்றின குளத்தின் அடிமண்.
"ஓடித் தேயல்ல கேட்டியளா. நின்னே செத்துப்போச்சு."

பிறகு ஓர் எண்ணைக் காட்டினான், 4817.
"முதல் ரெண்டு வாரம், பின்ன ரெண்டு வருஷம்."
டிசம்பரிலிருந்து பின்னோக்கி விரல் மடக்கினேன்.
நவம்பர் கடைசி.
அதில் ஒரு வியாழக்கிழமை.
ஒக்கி.

எங்களுக்கு நூற்றிப்பதினாறு மரம்.
சிரட்டை கட்டியபடியே படுத்துக் கிடந்தன.
சிலதில் மழைத்தண்ணீரோடு கொஞ்சம் பால்.
பலகைக்காரன் லாரியோடு வந்து சொன்ன விலைதான் விலை.
அந்தப் பணம்தான் இந்த வண்டிக்கு முன்பணம்.
மறுபடி நட்டதில் இந்த வருஷம்தான்
வெட்டத் தொடங்கியிருக்கிறோம்.
கடலோரத்தில் அந்த வாரம் எண்ணியது வேறு.
அதை என் கணக்கோடு சேர்க்கமாட்டேன்.

அதே வாரம் எங்கோ ஓர் ஆலையில்
சூடான அச்சு திறந்து
இந்த நாலும் உருண்டு வந்திருக்கின்றன,
யாருடைய மரமோ.

ரெஜினிடம் இதெல்லாம் சொல்லவில்லை.
அவன் நாலுக்கும் விலை சொன்னான்.
"இப்போ ரெண்டு" என்றேன், வங்கிக் குரலில்.
"மிச்சம் தீவாளி போனஸுக்கு."
"அப்போ புதுசு ரெண்டும் பின்னால."
"முன்னால இல்லியா?"
"முன்பக்கம் வழுக்கினா ஸ்டியரிங் சொல்லும் எக்கா.
பின்பக்கம் வழுக்கினா ஆரும் சொல்லமாட்டாவ."

புதிதின் அருகில் குனிந்து நானே தேடிப் படித்தேன். 1825.
"லைட்டு உடனே போகாது, கொஞ்சம் ஓடணும்" என்று
கையைத் துடைத்தபடி அனுப்பிவைத்தான்.

பதினெட்டாம் வாரம் என்றால் மே தொடக்கம்.
என்ன நடந்தது?
கரண்ட் பில் கட்டியிருப்பேன்.
வேர்க்கிளம்பிக்காரர் ஒருவருக்கு
இரண்டாவது நோட்டீஸ் போயிருக்கும்.
ராத்திரி பலா ஒன்று தானாக விழுந்து
நாய் குரைத்திருக்கலாம், அது ஏப்ரலாகவும் இருக்கலாம்.
முன்னால் இன்னும் அந்த நாற்பத்தெட்டு.
பின்னால், எவ்வளவு யோசித்தும்
ஒன்றுமே நடக்காத ஒரு வாரம்
என்னைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

குலசேகரம் சந்தையில் வண்டியை ஓரம் கட்டும்போதுதான்
பார்த்தேன். விளக்கு இல்லை.
எந்த வளைவில் போனதோ.
மீன் வாங்க இறங்கினேன்.